காலதர்

ஓட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மழை என்றதும் முதலில் நினைவுக்கு வருபவை பாத்திரங்கள்தாம். எந்த மூலையில் குண்டானை வைக்க வேண்டும், எந்த நேரத்தில் பாயைச் சுருட்ட வேண்டும் என்பதெல்லாம் எங்கள் இருவருக்கும் எழுத்தறிவதற்கு முன்பே தெரிந்தவை. பின்னர் இருவரும் தமிழ் படித்தோம். இப்போது தஞ்சை மாவட்டத்தில் ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறோம். கார்காலத்தையும் கூதிர்காலத்தையும் பாட்டில் வரும் அழகோடு மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். ஆயினும் நான்கு தூறல் விழுந்தால் எங்கள் கைகள் தேடுவது எதையாவது இழுத்து அடைப்பதற்கான வழியைத்தான். அந்தப் பழக்கத்தின் மறுபக்கத்தை 17 அடி நீளமுள்ள ஒரு வண்டிக்குள் அறிய நேர்ந்த கதை இது.

2018ஆம் ஆண்டு மே மாத இறுதியில், கோடை விடுமுறையில், அமெரிக்காவின் சியாட்டிலில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். முந்தைய ஆண்டுதான் அவன் ஒரு பழைய கேம்பர் ட்ரெய்லரை வாங்கியிருந்தான். காரின் பின்னால் கொக்கியில் பூட்டி இழுத்துச் செல்லும் சிறுவீடு அது. இரண்டு படுக்கைகள், ஓர் அடுப்பு, கை கழுவத் தொட்டி, மேலே விளக்கு. நால்வர் நின்றால் ஐந்தாமவர் நிற்க இடமில்லை. அதை இழுத்துக்கொண்டு படகில் கடல் நீரிணையைத் தாண்டி, 101ஆம் எண் நெடுஞ்சாலையில் ஃபோர்க்ஸ் ஊர் வழியாக, ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதியில் உள்ள ஹோ மழைக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஒலிம்பிக் மலைகளின் மீது ஏறிக் குளிர்ந்து, இருப்பதையெல்லாம் கொட்டிவிடும் இடம் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர் மழை. எங்கள் தஞ்சையில் பெய்வதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். பெரும்பகுதி பனிக்காலத்தில் பெய்துவிடும் என்றாலும் மே மாதத்திலும் மழைக்குக் குறைவில்லை. ஸ்புரூஸ், ஹெம்லாக் மரங்கள் அண்ணாந்து பார்த்தாலும் முடிவதில்லை. மேப்பிள் மரக்கிளைகளில் பாசி, ஈரத்துணியை உலர்த்தப் போட்டதுபோல் தொங்குகிறது. முகாமில் மின் இணைப்பு கிடையாது. வண்டியின் 12 வோல்ட் மின்கலமும் ஒரு கேஸ் சிலிண்டருமே துணை.

வண்டியின் கூரை நடுவே 14 அங்குலச் சதுரத்தில் ஒரு திறப்பு இருந்தது. உள்ளே ஒரு சிறு கைப்பிடி. அதைச் சுற்றினால் திறப்பின் மூடி ஒரு பக்கம் மெல்ல உயரும். மறுபுறம் சுற்றினால் படியும். மழைக்குப் பயந்து யாரும் அதை முழுதாகத் திறப்பதில்லை. தம்பி மட்டும் கட்டைவிரல் அளவுக்கு மூடியை உயர்த்தி வைத்திருந்தான். அதேபோல், காற்று அடிக்காத பக்கத்துச் சாளரத்தையும் ஓரங்குலம் திறந்து விட்டிருந்தான். அந்தச் சாளரத்துக்குக் கீல் மேல்விளிம்பில் இருந்தது. கீழ்ப்புறம் வெளியே தள்ளித் திறக்க வேண்டும். அப்படித் திறந்த கண்ணாடி தானே ஒரு தாழ்வாரமாகி மழையை வெளியே வழியவிடும்.

“ராத்திரி இது ரெண்டும் இப்படியே இருக்கட்டும் அண்ணே” என்று சொல்லிவிட்டுப் படுத்தான்.

நள்ளிரவுக்குமேல் மழை வலுத்தது. தகரக் கூரையில் விழும் ஓசை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காற்று திசை மாறியதும் மூடியின் இடுக்கு வழியே சாரல் எங்கள் தலையணைமேல் தெறித்தது. தம்பியும் அவன் மனைவியும் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓசைப்படாமல் எழுந்தோம். கைப்பிடியைச் சுற்றி மூடியை இறுக்கினோம். சாளரத்தையும் இழுத்துக் கொண்டி போட்டோம். மழையை வென்றுவிட்ட நிம்மதியோடு போர்த்திக்கொண்டோம்.

விடிந்தபோது போர்வை ஈரமாக இருந்தது. கண்ணாடிகளில் நீர் வழிந்து கீழ்ச்சட்டத்தில் தேங்கியிருந்தது. சுவரைத் தொட்டால் விரல் நனைந்தது. மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பலகை முழுவதும் முத்துமுத்தாக நீர். கூரை ஒழுகிவிட்டது என்றுதான் நாங்கள் முடிவு கட்டினோம். பழைய வண்டி வாங்கினால் இப்படித்தான் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டதைத் தம்பி கேட்டிருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஒழுகலைத் தேடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது என்பதை அன்று காலை கண்டோம். கூரையில் திறப்பு வைத்த இடங்களில் சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் நாடா ஒட்டி, சட்டத்தின் விளிம்பிலும் திருகாணித் தலைகளிலும் அதற்கென்று உள்ள பசையைப் பூசியிருப்பார்கள். வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டு அந்தப் பசை வெடிக்கும். ஆண்டுக்கு இருமுறையாவது ஏறிப் பார்க்க வேண்டும். தம்பி விரலால் தடவித் தடவிப் பார்த்தான். எங்கும் வெடிப்பில்லை. அடுப்பருகே இருந்த நகரும் சாளரத்தின் அடிச்சட்டத்தில், உள்ளே புகும் மழைநீர் வெளியேற இரண்டு சிறு துளைகள் உண்டு. அவற்றில் மண்ணடைத்தால் நீர் தேங்கி உட்புறமாக வழியும். ஒரு குச்சியால் குத்திப் பார்த்தான். துளைகள் திறந்தே இருந்தன. பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் நிழற்சீலையின் ஒரு முனையை மட்டும் தாழ்த்திக் கட்டியிருந்தான். அதனால் நீர் நடுவில் தேங்காமல் ஒரு மூலையில் அருவியாக விழுந்துகொண்டிருந்தது. மழை உள்ளே வருவதற்கு வழியே இல்லை.

“மழை வரலண்ணே. இது நாம விட்ட தண்ணி” என்றான்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவன் பொறியாளன், காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குச் சொன்னான். உறங்கும் ஒரு மனிதர் மூச்சாலும் தோலாலும் ஓரிரவில் ஏறக்குறைய கால் லிட்டர் நீரை வெளியிடுகிறார். நால்வருக்கு ஒரு லிட்டர். இந்த வண்டிக்குள் இருப்பது சுமார் 20 கன மீட்டர் காற்று. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 17 கிராம்தான். ஆக, இந்தக் காற்று முழுதும் சேர்ந்து தாங்குவது 350 கிராமுக்குள். மிச்சம் எங்கே போகும்? குளிர்ந்த இடம் எதுவோ அங்கே போய் நீராகப் படியும். கண்ணாடி, சட்டம், சுவர், காற்றே நுழையாத மெத்தையடி.

நாங்கள் விடவில்லை. வெளியே இருப்பதோ மழை. நூற்றுக்கு நூறு ஈரமான காற்று. அதை உள்ளே விட்டால் ஈரம் கூடத்தானே செய்யும்? கேள்வி நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறோம். ஆனால் விடை எங்களை வாயடைக்கச் செய்தது. வெளியே 8 டிகிரிக் குளிரில் காற்று முழுக்க நனைந்திருந்தாலும் அது சுமப்பது கன மீட்டருக்கு 8 கிராம் சொச்சம்தான். அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடேறினால், 17 கிராம் சுமக்க வல்ல காற்று பாதிச் சுமையோடுதான் நிற்கிறது. இன்னும் அவ்வளவு நீரை அது வாங்கிக்கொண்டு மேலே கூரை வழியாக வெளியேறும். குளிர்காலத்து மழைக்காற்றுக்கும் உலர்த்தும் ஆற்றல் உண்டு என்பதை, கூதிர்காலம் பற்றி இத்தனை ஆண்டு வகுப்பெடுத்தும் நாங்கள் அறிந்திருக்கவில்லை.

அறிந்தபின்னும் பழக்கம் விட்டதா என்றால், இல்லை.

அன்று மாலை தம்பியும் அவன் மனைவியும் ஆற்றங்கரைப் பாதையில் நடக்கப் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது. வண்டியில் ஒரு கணப்பு உண்டு. அது எரியும் புகையைச் சுவர் வழியாக வெளியே அனுப்பிவிடும். ஆனால் அதன் விசிறி மின்கலத்தை உறிஞ்சும் என்பதால் இரவுக்கென்று வைத்திருந்தான். எங்களுக்குக் கை கால் விறைத்தது. மூடியை அடைத்தோம், சாளரங்களை அடைத்தோம், கதவிடுக்கில் ஒரு துண்டையும் செருகினோம். பிறகு அடுப்பின் இரண்டு எரிமுனைகளையும் பற்றவைத்து அருகே உட்கார்ந்தோம். அடுப்புக்கு மேலே, எரியும்போது சாளரத்தையும் கூரைத் திறப்பையும் திறந்து வைக்கவும் என்று எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தது. படித்தோம். படித்தவர்கள்தானே நாங்கள்.

அரைமணி நேரம் சென்றிருக்கும். இதமாக இருந்தது. லேசாகத் தலை வலித்தது. பயண அலுப்பு என்று எண்ணினோம். அப்போது கதவருகே சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டி அலறியது. நான்கு நான்காக, காதைத் துளைக்கும் கூவல். என்னவென்று தெரியாமல் அதை எப்படி நிறுத்துவது என்று தேடிக்கொண்டிருந்தோம். திரும்பி வந்துகொண்டிருந்த தம்பி தொலைவிலேயே அதைக் கேட்டு ஓடிவந்து கதவைப் பிடுங்குவதுபோல் திறந்தான். அடுப்பை அணைத்தான். எங்கள் இருவரையும் கையைப் பிடித்து மழையில் இழுத்து நிறுத்தினான். அவன் கை நடுங்கியது.

புரோப்பேன் வாயு ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீர் பிறக்கும். குளிர்காயும்போதே ஈரத்தையும் சேர்த்துத்தான் வளர்த்துக்கொண்டிருந்தோம். அது சிறிய தீங்கு. மூடிய சிற்றறையில் உயிர்வளி குறையக் குறையச் சுடர் அரைகுறையாக எரியத் தொடங்கும். அப்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, அயர்வு, உறக்கம், அவ்வளவுதான். அந்தப் பெட்டி இல்லாதிருந்தால் நாங்கள் இதமாகவே உறங்கியிருப்போம்.

நனைந்துகொண்டே நின்றோம். தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “மழையைத் தடுக்கணும்னா காத்தையும் சேத்துத் தடுக்கணும்னு யாருண்ணே சொன்னா?”

இதே சொற்களை நாங்கள் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறோம்.

எங்கள் வீடு நடுவே முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. ஐப்பசி, கார்த்திகையில் முற்றத்துச் சாரல் கூடம்வரை வரும். அப்பா வழுக்கி விழுந்துவிடுவாரோ என்ற பயம் எப்போதும் உண்டு. 2009ஆம் ஆண்டு, முற்றத்தின் மேல் ஃபைபர் தகடுகளைப் பரப்பி, ஓட்டு விளிம்போடு சேர்த்துச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டோம். தம்பி தொலைபேசியில் வேண்டாம் என்றான். இந்தக் கேள்வியைத்தான் கேட்டான். கடல் கடந்து இருப்பவனுக்குத் தரையைத் துடைக்கிற வேலை இல்லை என்று நாங்கள் பதில் சொன்னோம். அதன்பிறகு அவன் அதைப் பற்றிப் பேசியதில்லை.

வீடு நனையவில்லை. ஆனால் பிற்பகலில் அடுப்பங்கரையின் ஆவி கூடத்திலேயே நின்றது. கார்த்திகையில் சுவர்மூலைகளில் பூஞ்சை கறுப்பாகப் படர்ந்தது. அலமாரிப் புத்தகங்களில் வெள்ளையாகப் பூத்தது. அப்பாவுக்கு முன்பே இருந்த இழைப்பு அதிகரித்தது. கட்டிலைத் திண்ணையில் போடச் சொல்வார். பனி ஆகாது என்று நாங்கள் உள்ளேயே போட்டோம். 2014இல் மருத்துவர் ஒருவர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, வீட்டில் காற்றோட்டம் இருக்கிறதா என்று கேட்டார். முற்றம் வைத்த வீடு என்று பெருமையாகச் சொன்னோம். அதை மூடிவிட்டோம் என்று சொல்ல எங்கள் இருவருக்குமே அந்த நேரத்தில் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு தை மாதம் அப்பா காலமானார். வயது எழுபத்தெட்டு. முற்றத்தை மூடியதுதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. அது காரணமே அல்ல என்று சொல்லவும் எங்களால் ஆகாது.

நெடுநல்வாடையை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறோம். கூதிர்காலத்து வாடையில் நகரமே ஒடுங்கியிருக்கிறது. வேனிலில் தென்றலைத் தந்த சாளரங்களின் கதவுகள் தாழிட்டுக் கிடக்கின்றன. அதை அடுத்தே, குளிர்ந்த நீரைக் குடிப்பார் இல்லாமல், அகன்ற வாயையுடைய தடவுகளில் நெருப்பு மூட்டப்பட்டிருப்பதை நக்கீரர் சொல்கிறார். குளிரின் மிகுதியை உணர்த்த வந்தவை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுத் தேர்வுக்குத் தயார் செய்வோம். அடைத்த சாளரமும் மூட்டிய நெருப்பும் அருகருகே இருப்பதை நாங்கள் ஒருநாளும் நெஞ்சு படபடக்கப் படித்ததில்லை. அந்த மாளிகைகள் பெரியவை. காற்றுக்கு வேறு வழிகள் இருந்திருக்கும். எங்கள் வண்டியில் இல்லை. எங்கள் வீட்டிலும் நாங்கள் வைக்கவில்லை.

மறுநாள் ஃபோர்க்ஸ் ஊருக்குப் போய்த் தம்பி ஒரு பொருளை வாங்கி வந்தான். கூரைத் திறப்பின்மீது கவிழ்க்கும் பிளாஸ்டிக் கூடு. முன்புறமும் மேற்புறமும் அடைப்பு. பின்புறம் மட்டும் சாய்ந்த பட்டைகள், பட்டைகளுக்கிடையே காற்றுப் போக இடைவெளி. உள்ளிருந்து ஏறும் வெதுவெதுப்பான காற்று பட்டைகள் வழியே வெளியேறும். மேலிருந்து விழும் மழை கூட்டின்மீது வழிந்து போகும். இது இருந்தால் கொட்டும் மழையிலும் மூடியை முழுதாகத் திறந்து வைக்கலாம். மிகவும் எளிய பொருள். கூரையைத் துளைக்க வேண்டியதுகூட இல்லை. திறப்புச் சட்டத்தின் நிமிர்ந்த விளிம்பில் நான்கு பட்டைகளைத் திருகாணியால் முடுக்கினால் போதும்.

மழை விட்ட ஒருமணி நேரத்தில் அதைப் பொருத்தினோம். தம்பி கூரைமேல், நாங்கள் கீழிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு திருகாணிகளை எடுத்துக் கொடுத்தோம். முகம் தெரியாத அந்த நிலை பேச வசதியாக இருந்தது போலும்.

“அப்பா விஷயத்துல எங்க மேல உனக்குக் கோபம் இருக்கா?” என்று கேட்டோம்.

திருகும் ஓசை நின்றது.

“கோபம் இல்லண்ணே. ஞாயித்துக்கிழமை பேசும்போதெல்லாம் அப்பா, உள்ள காத்தே வரலடான்னுதான் சொல்வார். அதை நான் உங்ககிட்ட ஒரு தடவைகூடச் சொல்லல. சொன்னா அண்ணி வருத்தப்படுவாங்க, தூரத்துல இருந்துகிட்டுக் குத்தம் சொல்றான்னு நீங்க நினைப்பீங்கன்னு விட்டுட்டேன். நானும் மூடித்தானே வச்சிருந்தேன்.”

அடுத்த திருகாணியைக் கேட்டுக் கையை நீட்டினான். கொடுத்தோம். கண்கள் கலங்கியதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் ஆறு ஆண்டுகள் ஐந்து மணி நேரத் தொலைபேசிப் பேச்சுகளில் வராத ஒன்று அந்த ஏணியடியில் வந்துவிட்டது.

அன்றிரவு கூரைத் திறப்பு முழுதாகத் திறந்திருந்தது. தாழ்வான சாளரம் ஒன்றும் ஓரங்குலம் திறந்திருந்தது. கீழே ஒரு வழி, மேலே ஒரு வழி. இரண்டும் இருந்தால்தான் காற்று நடக்கும், ஒன்று மட்டும் போதாது என்று தம்பி சொல்லியிருந்தான். குளிர் சற்றுக் கூடுதல்தான். இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டோம். இரவெல்லாம் மழை பெய்தது. கூட்டின்மீது விழுந்து வழிந்த நீரின் ஓசை தலைக்கு நேர் மேலே கேட்டது. ஒரு துளியும் உள்ளே வரவில்லை. விடியலில் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தோம். ஓரத்தில் மட்டும் மெல்லிய ஆவிப்படலம். மெத்தையின் அடிப்பலகை உலர்ந்திருந்தது.

ஊர் திரும்பியதும் ஆனி மாதத்தில் முற்றத்துச் சிமெண்டை உடைத்தோம். இரும்புக் குழாய்களை நட்டு, தகடுகளை ஓட்டு விளிம்புக்கு மேலே ஒன்றரை அடி உயர்த்தி, நான்கு பக்கமும் இரண்டடி வெளியே நீளுமாறு போடச் செய்தோம். சாரல் ஓட்டில் விழும். காற்று இடைவெளியில் போகும். கொத்தனார், ஏன் இவ்வளவு உயரம், மழை அடிக்குமே என்றார். அடித்தால் துடைத்துக்கொள்கிறோம் என்றோம். அந்த ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் டெல்டாவின் தென்னைகளோடு எங்கள் தகடுகளில் பாதியையும் கொண்டு போனது. இப்போதாவது தாழ்த்தி அடைத்துவிடுங்கள் என்றார் அதே கொத்தனார். குழாய்களை இன்னும் ஆழமாக ஊன்றி, தகடுகளை நெருக்கமாக முடுக்கி, அதே உயரத்தில் மீண்டும் போட்டோம்.

சிலப்பதிகாரத்தில் சாளரத்தைக் குறிக்க வரும் சொற்களுள் ஒன்று காலதர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. வெளிச்சத்தையோ வேடிக்கை பார்ப்பதையோ நினைத்து வைத்த பெயரன்று. காற்று நடந்து போகும் பாதை என்றே வைத்தார்கள். இந்தச் சொல்லுக்குப் பலமுறை மதிப்பெண் போட்டிருக்கிறோம். இப்போது அது வகுப்பில் வரும்போது ஒருகணம் நின்றுவிடுகிறோம். மாணவர்கள் காரணம் கேட்பதில்லை.

அப்பாவின் கட்டில் இப்போது முற்றத்தை ஒட்டிக் கிடக்கிறது. கார்த்திகை மழையில் அதன் கால்மாட்டில் சாரல் தெறிக்கிறது. காலையில் ஒரு துணியால் துடைத்துவிடுகிறோம்.